நாற்பத்தோராவது சோதனை

சத்தியமாகச் சொல்கிறேன், இது நடந்தது. கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்கொன்றும் நஷ்டமில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நாடித்துடிப்பைக் காட்டும் மானிட்டர் இருக்குமே, அதற்குள் ஓடும் சாஃப்ட்வேரைச் சோதிப்பது என் வேலை. மொத்தம் அறுபது சோதனைகள். நாற்பத்தோராவது இது: நாடி நின்றுவிட்டால் அலாரத்தை யாராலும் அமர்த்த முடியக் கூடாது. ஒரு தடவை ஓட்டவே நாற்பது நிமிடம் பிடிக்கும். போன வெர்ஷனில் பாஸ் ஆனதுதானே, இதில் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது என்று ஓட்டாமலே ‘பாஸ்’ போட்டுவிட்டேன். சோம்பேறித்தனம், வேறென்ன!

இரண்டு மாதம் கழித்து அக்காவுக்குப் பித்தப்பையில் ஆபரேஷன். முடிந்த மறுநாள் மத்தியானம் போன் செய்தாள்.

“உன் மெஷினைத்தான்டா எனக்கு மாட்டிருக்காங்க. ஒழுங்கா டெஸ்ட் பண்ணினியா?”

“நூத்துக்கு நூறுக்கா. நிம்மதியா தூங்கு.”

சிரித்துக்கொண்டே வைத்தாள்.

அதே மத்தியானம், மணி 3.09. லேபில் நான் மட்டும். மேஜையிலிருந்த சோதனை மானிட்டர் தானாக ஆன் ஆனது. அதற்கு நெட்வொர்க் கேபிளே கிடையாது. விரலில் மாட்டும் கிளிப் சும்மா கிடந்தது. ஆனாலும் திரையில் நாடி ஓடியது... 72.

பழைய டேட்டா ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். கிளிப்பைக் கையில் எடுத்தேன். சூடாக இருந்தது... இப்போதுதான் யாரோ விரலிலிருந்து கழற்றினாற்போல.

3.14. நாடி 51.

3.16. முப்பது.

3.17. பூஜ்யம்.

பீப்... பீப்... பீப்... காதைப் பிளந்தது.

“அட சனியனே, சும்மா இரு!” எரிச்சலில், சோதிப்பதற்காகக் கம்பெனி எனக்கென்று கொடுத்திருந்த டெஸ்டர் எண்ணை அழுத்தினேன். 7713.

அடங்கிவிட்டது.

அடங்கியிருக்கவே கூடாது.

யாரிடமும் சொல்லவில்லை. பாஸ் போட்டவனே நான்தானே?

3.40. மாமாவின் போன்... அக்காவின் கணவர்.

அக்கா போய்விட்டாள்.

மூன்று நாள் கழித்து மாமாவும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த மெஷினில் பதிவானதை டெக்னீஷியன் படித்துக் காட்டினார்.

“3.17க்கு அலாரம் அடிச்சிருக்கு சார். அஞ்சே செகண்ட்ல யாரோ நிறுத்திருக்காங்க. அப்ப ரூம்ல வேற ஆளே இல்ல. 7713... இப்படி ஒரு நம்பர் எங்ககிட்ட யாருக்குமே கிடையாதே.”

மாமா என் பக்கம் திரும்பினார்.

“உங்க கம்பெனி நம்பரா மாப்ளே?”

“தெரியல மாமா” என்றேன்.