வாய்ப்புண்ணோடு மென்ற வெற்றிலை

இன்று லுணுகலைத் தேயிலைத் தோட்டத்துப் பெரிய கங்காணி என் கடைக்கு வந்தார். தோட்டத்துக்கு அரிசி இனி நான் போடுவதா, எதிர்க்கடைக்காரரா என்று முடிவாகும் நாள்.

எனக்கு மூன்று நாளாய்த் தூக்கமில்லை, வாயெல்லாம் புண். மணத்தக்காளிக் கீரைக்கும் ஆறவில்லை. பெரிய பேரம் வந்தாலே இப்படித்தான்.

நான் விலையை இறக்கியபின்தான் அவர் சம்மதித்து, வெற்றிலை நீட்டினார். வாங்காவிட்டால் பேச்சு முறிந்துவிடும். சுண்ணாம்பு தடவி மென்றேன், கண்ணீர் வந்துவிட்டது.

"என்னங்க முதலாளி, அழுவுறீங்க?"

"வாய்ப்புண்ணுங்க."

சிரித்துக்கொண்டே தன் வெற்றிலையைக் காட்டினார். அதில் சுண்ணாம்பே இல்லை.

"எனக்கும் அதேதாங்க. எதிர்க்கடை அரிசியில புழு. நீங்களும் முடியாதுன்னுட்டா லயத்துல குடியிருக்குற தொழிலாளிச் சனத்துக்கு என்னா பதில் சொல்றதுன்னு ஒரே கவலை."

முதலிலேயே அவர் வாயைத் திறந்து பார்த்திருந்தால் விலையை இறக்கியிருக்கவே மாட்டேன். உங்கள் வாய் வெந்தது எந்தப் பேரத்தில்?