மூன்று நீலக் குதிரைகளும் ஒரு சிவப்பும்

கண் கிளினிக்கில் அவர் எப்போதும் சுவரில் மாட்டியிருந்த குதிரைப் படத்துக்கு நேரெதிரே உள்ள கதிரையில்தான் இருப்பார். மூதூருக்குப் படகு ஓட்டுபவர். அகன்ற தோள்கள், உப்புக்காற்றில் வெளுத்த சட்டை. கழுத்தை அசைக்காமல் நடுவில் நிற்கும் குதிரையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

எதைக் கண்டாலும் எண்ணிவிடுவது என் குணம். படத்தில் மூன்று நீலக் குதிரைகள், வலது ஓரத்தில் ஒரு சிவப்புக் குதிரை. உலகத்தில் எங்கே நீலக் குதிரை இருக்கிறது என்று எனக்கு எரிச்சல். ஆனாலும் படித்தவன் என்பதால் ஒருநாள் அவருக்கு விளக்கம் சொன்னேன்.

"இது குதிரையின்ர நிறமில்லை, கீறினவன்ர மனசின்ர நிறம். நீலம் அமைதி. சிவப்பு ஆவேசம்."

"அப்ப ஆவேசம்தான் முதல் போகுது, சேர்," என்று சிரித்தார். "போன முறை நடுவில பாத்தா நாலும் தெரிஞ்சது. இப்ப மூண்டுதான்."

"முகத்தைத் திருப்பிப் பாருங்கோவன்."

"திருப்பினா சிவப்பு வரும், நீலம் போயிரும். கண் பார்வை ஓரத்தால சுருங்கிக்கொண்டு வருதாம். இனிப் படகு ஓட ஏலுமோ எண்டு இண்டைக்குத்தான் சொல்லுவினம்."

தாதி அவரைக் கூப்பிட்டார். எழுந்தவர் உடனே போகவில்லை. முகத்தைத் திருப்பி, சிவப்புக் குதிரையைச் சற்று நேரம் பார்த்தார்.

"வடிவாத்தான் நிக்குது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஒன்றைப் பார்ப்பதற்காக மூன்றை விட்டுக்கொடுத்த அந்த மனிதர் அதில் எதைக் கண்டார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.