பிள்ளை இல்லை

இத்தாலிக்குப் போக எனக்குத் துளியும் விருப்பமில்லை. மனைவியின் பெரியம்மாவின் மகன் அங்கே பாரி நகரத்தில் இருக்கிறார். அவருடைய மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள், சாமத்தியவீடு. ஐரோப்பாவில் சொந்தக்காரர் இருந்தால் வருசம் முழுக்க ஏதாவதொரு விசேஷம் வந்துகொண்டே இருக்கும். லீவு இல்லை என்று சொல்லி எல்லாவற்றிலிருந்தும் தப்பிவிடுவேன். பாரிசில் எங்கடை சனத்தின் கடைத்தெருவான லா சப்பலில் ரெஸ்ரோரண்ட் குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கிறவன் அப்படிச் சொன்னால் எவரும் நம்புவார்கள். இந்த முறை மனைவியே போவோம் என்று கேட்டாள். அவள் ஒன்றைக் கேட்பது அபூர்வம். அதனால் போனோம்.

நான் 2007இல் பிரான்சுக்கு வந்தபோது எங்கள் மகள் குப்புறப் புரளத் தொடங்கியிருந்தாள். தாயும் பிள்ளையும் வன்னியில். கொஞ்ச நாளில் இரண்டு பேரையும் கூப்பிட்டுவிடலாம் என்று நினைத்தேன். என்னோடு வந்த எல்லா முட்டாள்களும் அப்படித்தான் நினைத்தோம். விசா வரவில்லை, பாதை பூட்டுப்பட்டது, சண்டை வந்தது. 2009 சித்திரையிலும் வைகாசியிலும் லா சப்பல் கடைகளுக்கு மரக்கறி வாங்க வந்த சனம் ஒன்றும் வாங்காமல் டிவிக்கு முன்னால் நின்றது. எவரைப் பார்த்தாலும் கையில் போன். அங்காலே எடுக்கத்தான் ஆளில்லை.

எல்லாம் முடிந்து சில மாதங்களுக்குப் பிறகு, முகாமிலிருந்து யாருடையதோ ஒரு போனில் மனைவி கதைத்தாள். பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள் என்று குரலிலேயே தெரிந்தது. தனக்குக் காலில் காயம், இப்போது பரவாயில்லை என்றாள். பிள்ளை எங்கே என்று கேட்டேன். “பிள்ளை இல்லை” என்றாள். அதோடு போன் நின்றுவிட்டது. பிறகு கதைத்தபோதெல்லாம் நான் அதைக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அறையில் என்னோடு இருந்த பெடியள் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. அடுத்த நாள் அவர்களே மகளின் படத்தைக் கொண்டுபோய்ப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தர ஏற்பாடு செய்தார்கள். படக்கடைக்காரர் போன் எடுத்து, கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு திகதி எழுதவேண்டும் என்றார். தோற்றம் எனக்குத் தெரியும். மறைவுக்கு நான் எங்கே போவேன்? வைகாசியில் ஒரு நாளை அவரே பார்த்துப் போட்டுத் தந்தார். மனைவி வரும்வரை அந்த நாளில் வருசா வருசம் விளக்கு ஏற்றினேன்.

மனைவி 2012இல் வந்து இறங்கினாள். அதற்கு முதல் நாளே படத்தைத் துணியில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். புண்ணைக் கிளறக்கூடாது என்ற நினைப்பு. அவளும் பிள்ளையைப் பற்றி வாய் திறக்கவில்லை. பாரிசுக்கு வெளியே சார்செலில் ஒரு மாடிக் கட்டடத்தில் குடியேறி, கறிக்கு உப்புக் கூடிவிட்டது, ஆர்.ஈ.ஆர் ரயில் பிந்திவிட்டது என்று கதைத்துக் கதைத்தே காலத்தை ஓட்டினோம். வெள்ளிக்கிழமைகளில் அவள் ரூ பஜோல் பிள்ளையார் கோயிலுக்குப் போவாள். நான் வாசலோடு நின்றுவிடுவேன். பிள்ளையாருக்கும் எனக்கும் 2009க்குப் பிறகு பேச்சில்லை.

சாமத்தியவீடு முடிந்த அடுத்த நாள் மச்சான், அதுதான் மனைவியின் அந்த அண்ணன், எங்களை விடவில்லை. மாத்தேரா என்று ஒரு ஊர் இருக்கிறது, பார்க்காமல் போகக்கூடாது என்று காரில் ஏற்றிவிட்டார். மனிசர் ஆயிரக்கணக்கான வருசமாகக் குகைக்குள் வாழ்ந்த ஊராம். எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். சண்டைக்குள் மண்ணைக் கிண்டிப் பதுங்கின பங்கருக்குள் கிடந்து எழும்பி வந்தவளுக்குக் காட்டுவதற்கு வேறு இடமே கிடைக்கவில்லையா? அதைச் சொன்னால் பங்கர் என்ற சொல்லை நானே வாயில் எடுக்கவேண்டிவரும்.

ஐப்பசி மழை தூறிக்கொண்டிருந்தது. பெரிய பள்ளத்தாக்கு ஒன்றின் சரிவு முழுக்க வீடுகள். தூரத்தில் பார்த்தால் சாதாரணக் கல்வீடுகள்தான். கிட்டப் போனால் முன்சுவர் மட்டும்தான் கட்டினது, மிச்சம் மலையைக் குடைந்தது. ஒரு வீட்டின் கூரை அடுத்த வீட்டுக்குப் போகிற ஒழுங்கை. படிகள் வழுக்கின. காயப்பட்ட காலை இழுத்து இழுத்து மனைவி இறங்கினாள். கை கொடுத்தேன், வேண்டாம் என்றாள். சனம் மலேரியாவிலும் பட்டினியிலும் சாகிறது என்று ஐம்பதுகளில் அரசாங்கமே எல்லாரையும் எழுப்பி மேலே புது வீடுகளுக்கு அனுப்பிவிட்டதாம். இப்போது அதே குகைகள் ஹோட்டல். ஏழைகள் விட்டுப்போன இடத்துக்கு நல்ல லைட் பூட்டி டிக்கெட் போட்டு வைத்திருக்கிறார்கள்.

பழைய சாமான்களை அப்படியே வைத்துக் காட்டுகிற வீடு ஒன்று இருந்தது. மச்சான் எத்தனையோ தரம் பார்த்தவர், நீங்கள் போங்கோ என்று வெளியே நின்றுவிட்டார். வாசலில் நான் தயங்கினேன். மனைவி எனக்கு முதல் உள்ளே போய் அண்ணாந்து பார்த்தாள். இது பங்கர் இல்லை, இது வீடு, நிமிர்ந்து நிற்கலாம் என்றாள். நான் என்ன நினைத்துக்கொண்டு நின்றேன் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

ஒரே அறை. உயரமான கட்டில், கட்டிலுக்குக் கீழே கோழி, பின்பக்க இருட்டில் கோவேறு கழுதைக்கு இடம். பிரெஞ்சில் ஒரு பதிவுக் குரல் விளக்கம் சொன்னது. அவளுக்குப் பிரெஞ்சு அவ்வளவாக ஓடாது, நான் பாதி பாதியாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். கட்டிலுக்கு அருகில் இழுப்பறை வைத்த பெட்டகம் ஒன்று. கைக்குழந்தையை இந்த இழுப்பறையில் கிடத்துவார்களாம் என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

அவள் கயிற்றுத் தடுப்புக்கு மேலால் குனிந்து கனநேரம் பார்த்தாள். “எங்கடை பிள்ளை இதுக்குள்ளை இப்ப கால் நீட்டேலாது. ஒன்பது வயசெல்லே” என்றாள்.

அந்தப் போனுக்குப் பிறகு என் மனைவி மகளைப் பற்றிப் பேசி நான் கேட்ட முதல் வார்த்தை அது. எப்படியாவது அவளோடு சேர்ந்து துக்கப்படவேண்டும் போல இருந்தது. “ஓம். இருந்திருந்தா ஒன்பது” என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். “இருந்திருந்தா எண்டு ஏன் சொல்லுறியள்?”

“நீர்தானே சொன்னனீர், பிள்ளை இல்லையெண்டு.”

“என்னட்டை இல்லையெண்டெல்லோ சொன்னனான்.”

பின்னால் ஆட்கள் வந்து நின்றார்கள். நாங்கள் ஓரமாக ஒதுங்கினோம். அந்தச் சுவரோடு நின்றுதான் அவள் சொன்னாள். செல் விழுந்து வெடித்துக் காலில் பட்டதும் மயங்கிவிட்டாள். கண் விழித்தபோது பிள்ளை பக்கத்தில் இல்லை. பக்கத்துப் பங்கரில் இருந்த பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடலேரித் தண்ணீருக்குள்ளால் அங்காலே ஆமிக்காரர் பக்கம் போனதைக் கண்டவர்கள் இருந்தார்கள். அந்தப் பெண்ணின் ஊர் எது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. முகாமில் வரிசை வரிசையாகப் போய்க் கேட்டிருக்கிறாள். வெளியே விட்ட பிறகு அரசாங்கக் கந்தோர் கந்தோராகப் போய், பிள்ளையைக் காணவில்லை என்று பதிந்திருக்கிறாள். பாரிசுக்கு வந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் மகளின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்கிறாள். அர்ச்சனை உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தான் செய்வது. நான் உள்ளே போயிருந்தால் ஐயர் பெயர் சொல்லுவது காதில் விழுந்திருக்கும்.

எனக்குச் சந்தோசம் வரவில்லை. வந்திருக்கவேண்டும்தான். பயம்தான் வந்தது. கடைக்காரர் போட்டுத் தந்த திகதியை வைத்துக்கொண்டு, எங்கேயோ பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு நான் விளக்கு ஏற்றியிருக்கக்கூடும். பிள்ளை தண்ணீரிலேயே போயிருக்கவும்கூடும். இரண்டில் எது என்று அவளுக்கும் தெரியாது. ஆனால் அவள் ஒன்றைத்தான் நம்பினாள், நான் மற்றதை நம்பினேன். அப்படியே ஒரே பாயில் நான்கு வருசம் படுத்திருக்கிறோம்.

அவள் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. என் கையைப் பிடித்தாள். நான் ஏன் இத்தனை காலம் ஒன்றும் கதைக்கவில்லை என்று தனக்கு விளங்கும் என்றாள். தேடித் தேடி ஒரு பதிலும் கிடைக்காதவன் வீட்டுக்கு வந்து என்னத்தைச் சொல்லுவான், அதனால்தான் தானும் கேட்காமல் விட்டாளாம். பிறகு, ஆறுதலாக, முதன்முதலாகக் கேட்டாள்.

“எங்கையெல்லாம் தேடினனீங்கள்?”

மச்சான் வாசலில் நின்று, மழை பெலக்கப் போகுது, வாங்கோ என்று கூப்பிட்டார்.

“எல்லா இடமும்” என்றேன்.

பாரிசுக்குத் திரும்பிய கிழமைதான் தேடத் தொடங்கினேன்.