ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

ஏற்காட்டில் எங்கள் எஸ்டேட் லைனில் பன்னிரண்டு வீடு. அதிலிருந்து காலேஜுக்குப் போனது நான் ஒருத்திதான். காலையில் ஒண்டிக்கடை ஸ்டாப்புக்கு நடந்து வந்து பஸ் பிடித்து, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சேலத்துக்கு இறங்குவேன். சாயங்காலம் அதே வளைவுகளில் ஏறி வீடு வந்தால், யாராவது மாத்திரையோடு வாசலில் நிற்பார்கள். நான் பி.ஃபார்ம் இரண்டாம் வருஷம்தான் படித்துக்கொண்டிருந்தேன். ஆனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று அம்மா லைன் முழுக்கத் தம்பட்டம் அடித்து வைத்திருந்தாள். பொய் சொல்லக் கூடாது, எனக்கும் அது இனித்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு அப்போது வாயே வராது.

அடுத்த வீட்டு அக்காவுக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கிப்போய், காப்பிப் பழம் பறிக்கவே முடியாமல் இருந்தது. நாற்பத்தைந்து வயதிருக்கும். அவள் சிரித்தால் லைனின் அந்தக் கோடி வரை கேட்கும். அவள் வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அதே எஸ்டேட்டில் வாட்ச்மேன். அவர்தான் அவளைச் சேலத்தில் மூட்டு டாக்டரிடம் கூட்டிப்போனார். ஒரு மாதத்துக்கு இரண்டு விதமான மாத்திரை கொடுத்தார்கள். ஒன்று ஞாயிற்றுக்கிழமை மட்டும், ஒரே வேளையில் மூன்று. மற்றது மீதி ஆறு நாளும் தினம் ஒன்று. இரண்டும் சின்ன மாத்திரை, இரண்டும் மஞ்சள்.

எங்கள் லைனில் மாத்திரையை அட்டையோடு யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். வாங்கி வந்த கையோடு கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக நறுக்கி ஒரு டப்பாவில் போட்டுவிடுவார்கள். வேலைக்குப் போகும்போது அன்றைக்கு உள்ளதை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டால், பத்து மணிச் சோற்றுக்குப் பிறகு காட்டிலேயே விழுங்கிவிடலாம். நல்ல ஏற்பாடுதான். என்ன, நறுக்கும்போது மருந்தின் பெயரும் சேர்ந்து துண்டாகிப்போகும். அக்காவும் நறுக்கினாள். இரண்டு விதத்தையும் ஒரே பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கிக்கொண்டே ஒரு சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"கண்ணு, இதுல ஞாயித்துக்கெழம மாத்திர எது, தெனப்படி எது? ரெண்டும் ஒன்னாட்டமே இருக்குது. கொஞ்சம் பிரிச்சு வெச்சுரு சாமி."

டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்டேன். மாமாவின் சட்டைப் பையில் இருக்கிறதாம், அவர் வேலை முடிந்து சாயங்காலம்தான் வருவாராம். சாயங்காலம் வரை பொறுத்திருக்கலாம். யார் கழுத்தில் கத்தி வைத்தார்கள்? ஆனால் அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அம்மா அடுப்படியிலிருந்து பெருமையாக எட்டிப் பார்த்தாள். நான் டப்பாவைக் கவிழ்த்தேன். உற்றுப் பார்த்ததில் ஒரு வகை ஒரு பொட்டளவு பெரிசாக இருந்தது. வாரத்துக்கு ஒரு தரம் சாப்பிடுகிற மருந்து வீரியமானது, வீரியமானது பெரிசாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினேன். இதுதான் அன்றைக்கு என் படிப்பு. பெரியதை ஒரு பக்கமும் சின்னதை ஒரு பக்கமும் போட்டு, நோட்டு அட்டையை வெட்டி நடுவில் தடுப்பு வைத்தேன். காலண்டரில் ஞாயிற்றுக்கிழமை சிவப்பாக இருக்குமே, அதுபோலப் பெரிய மாத்திரைப் பக்கம் சிவப்பு மையால் ஒரு பொட்டு வைத்தேன்.

எண்ணிப் பார்த்திருந்தாலே போதும். நாலு ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று மூன்றாகப் பன்னிரண்டு, மற்ற நாளுக்கு இருபத்துநாலு. நான் பொட்டு வைத்த பக்கத்தில்தான் இருபத்துநாலு கிடந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கண்டுபிடித்திருக்கும்.

பத்துப் பதினோரு நாள் கழித்து, செமஸ்டர் பரீட்சைக்கு முந்தின வாரம், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம் அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றாள். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். நான் மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். தலையை ஆட்டிச் சிரித்தேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர்கள் வீட்டிலிருந்து மாமா அவளைக் கூப்பிடுவது கேட்டது. திரும்பிப் போய்விட்டாள். மழையில் அப்படி என்ன வேலை என்று ஒரு நொடி நினைத்தேன். அப்புறம் பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். வாயெல்லாம் புண்ணாகிக் கஞ்சிகூட இறங்கவில்லை என்று அம்மா சொன்னாள். உஷ்ணம் என்று சொல்லி மோரும் மணத்தக்காளிக் கீரையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஜீப் வைத்துச் சேலம் கொண்டுபோனபோது நான் பரீட்சை ஹாலில் இருந்தேன். நாலாம் நாள் செத்துப்போனாள். ரத்தத்தில் அணுக்கள் குறைந்து போனதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். கண்ணு பட்டுவிட்டது என்றார்கள் லைனில். நான் தேம்பித் தேம்பி அழுதேன். என்னை அழாதே என்று மாமாதான் தேற்றினார்.

மறு வருஷம், மருந்தியல் வகுப்பு. மூட்டு வாதத்துக்கான மருந்துகள் நடந்துகொண்டிருந்தன. மெத்தோட்ரெக்சேட் என்று போர்டில் எழுதிவிட்டு மேடம் சொன்னார்: "வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கு ஆபத்து. முதலில் வாயில் புண் வரும். அப்போதே யாராவது கவனித்து நிறுத்தி, முறிவு மருந்து கொடுத்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். இதோடு மற்ற நாளில் ஃபோலிக் ஆசிட் கொடுப்பார்கள், அது வெறும் வைட்டமின். இரண்டுமே மஞ்சளாக இருக்கும், கவனம்." எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். எனக்குக் காதுக்குள் பிஸ்கட் டப்பா குலுங்கிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்குப் போனேன். டப்பா அக்காவின் போட்டோவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. திறந்தேன். பொட்டு வைத்த பக்கத்தில் பதினெட்டு இருந்தது. மறுபக்கம் காலி. நறுக்கின துண்டுகளைத் தரையில் போட்டு ஒன்றோடு ஒன்று ஒட்ட வைத்துப் பார்த்தேன். நாலாவது துண்டில் ஃபோலிக் என்று படிக்க முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை வைட்டமினைச் சாப்பிட்டுவிட்டு, மற்ற நாளெல்லாம் மெத்தோட்ரெக்சேட்டைச் சாப்பிட்டிருக்கிறாள்.

"நீ பிரிச்சுக் குடுத்ததுக்கப்பறம் ஒரு நாளு தவறல கண்ணு," என்றார் மாமா. "புள்ள சொன்னாப்பல சாப்புடோணும்னு நொம்பக் கருத்தா இருந்தா."

நான் துண்டுகளை அள்ளி டப்பாவில் போட்டு மூடிவிட்டு வந்துவிட்டேன். எனக்குப் பயம். படிப்பு போய்விடும் என்று பயம், போலீஸ் வரும் என்று பயம். எல்லாவற்றுக்கும் மேலே, மாமா என்னை இனிமேல் கண்ணு என்று கூப்பிட மாட்டாரே என்ற பயம். அந்த செமஸ்டரில் மெத்தோட்ரெக்சேட்டைப் பற்றிக் கேள்வி வந்தது. ஒன்று விடாமல் எழுதினேன். வகுப்பில் முதல் மார்க் எனக்குத்தான். மார்க் ஷீட்டை அம்மா மாமாவிடமும் கொண்டுபோய்க் காட்டினாள்.

இப்போது சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருக்கிறேன். நோயாளி என் எதிரில் திருப்பிச் சொல்லாமல் மாத்திரையைக் கையில் கொடுக்க மாட்டேன். வரிசையில் நிற்பவர்கள் என்னைத் திட்டுவார்கள், திட்டட்டும். யாராவது ஒரு பெண் முந்தானையால் வாயைத் துடைத்தால் எனக்கு வேலை ஓடாது. அவள் வாயைத் திறந்து ஏதாவது பேசுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நிற்பேன்.

போன மாதம் லீவில் ஏற்காடு போயிருந்தேன். மத்தியானம் மாமா வந்தார். அவருக்கு இப்போது சர்க்கரை, பிரஷர் இரண்டும். "ஏங்கண்ணு, எதைக் காலைல, எதைப் பொழுதோட? நீ சொன்னாத்தான் எனக்கு நம்பிக்கை" என்று சொல்லி மடியிலிருந்து எடுத்து வைத்தார். அதே பிஸ்கட் டப்பா. உள்ளே அதே அட்டைத் தடுப்பு, மை மங்கிப்போன அதே பொட்டு. அவருடைய மாத்திரைகள் ஒவ்வொன்றாக நறுக்கிக் கிடந்தன. என்னால் தொட முடியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதோடேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் மாற்றிப் பிரித்தது, அதுதான் அக்காவைக் கொன்றது, இத்தனை வருஷம் மறைத்தது, எல்லாம். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றுகூட நினைத்தேன்.

அவர் டப்பாவைத் தன் பக்கம் இழுத்து, அந்தப் பொட்டை விரலால் தடவினார்.

"அந்த வாய்ப்புண்ணு," என்றார். "அது அந்த மாத்திரைனாலயா?"

"ஆமாங் மாமா."

"ஒரு நா மழையில உங்கூட்டு வாசலுக்கு வந்தாளே, அது அந்தப் புண்ணக் காட்டத்தான். புள்ளகிட்டக் கேட்டுட்டு வர்றேன்னு சொல்லிட்டுத்தான் வந்தா. நாந்தான் கூப்பிட்டுட்டேன். புள்ளைக்குப் பரீட்சை, தொந்தரவு பண்ணாம வாடீன்னு." அவர் கை டப்பாவின் மூடியைத் தேடிற்று. மூடி அவர் மடியிலேயே இருந்தது. "நா கூப்பிடாம இருந்திருந்தா, நீ அன்னைக்கே பாத்திருந்தா, பொழச்சிருப்பாளா சாமி?"

இத்தனை வருஷம் என் தலையிலிருந்ததை இறக்கி அவர் தலையில் வைத்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"தெரியலைங் மாமா," என்றேன். எனக்குத் தெரியும்.