மிளகாயின் வயிற்றெரிச்சல்

என் சின்னம்மா மகளை நாங்கள் எல்லோரும் 'மிளகாய்' என்றுதான் கூப்பிடுவோம். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் லாட்ஜ்களில் உடம்பை விற்றுப் பிழைத்தவள். அந்தத் தொழில் செய்யும் பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தபோது, பக்கத்து அறை நெட்டச்சியைத் தலைவியாக்கி, ஆணுறை கொடுக்கும் பையையும் அடையாள அட்டையையும் மாட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து மிளகாய்க்குச் சோறு இறங்கவில்லை.

எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நெட்டச்சி எல்லோரையும் கூப்பிட்டாள். பயத்தில் ஒருத்தியும் அசையவில்லை.

"பையை மாட்டிக்கிட்டா போதுமாடி? நான் கூப்பிட்டா எத்தனை பேரு வர்றாங்கன்னு பாரு!" என்று கிளம்பிய மிளகாய், கதவு கதவாகத் தட்டிப் பதினோரு பேரை இழுத்து வந்தாள். முதல் ஆளாகத் தானே கையை நீட்டினாள்.

அந்தப் பதினோரு பேரும் ஒன்றுமில்லை என்று சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். இவளுக்கு நோய் இருந்தது.

சுருண்டு உட்கார்ந்தவளிடம் நெட்டச்சி தன் பையின் அடியிலிருந்த மாத்திரை டப்பாவை எடுத்துக் காட்டினாள். "ஆறு வருஷமா தினமும் போடுறேன்க்கா. நல்லாத்தானே இருக்கேன்? நாளைக்கே உனக்கும் வாங்கிடலாம்."

மிளகாய் மூக்கைச் சிந்தினாள். "அடிப்பாவி! இதுலயும் நீதான் எனக்கு முன்னாடியா?"

மறுநாள் மாத்திரை வரிசையில் நெட்டச்சியை இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் போய் நின்றாள்.