ஞானராஜின் வலது காது

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் விசைப்படகு வைத்திருக்கும் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், ஞானராஜ் யார் என்று சொல்லிவிடுவார்கள். ஐம்பத்திரண்டு வயது. எத்தனை சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாத இன்ஜின் மெக்கானிக். அவரிடம் இருக்கும் சாமான்களிலேயே உயர்ந்தது அவருடைய வலது காதுதான். ஒன்றரை அடி நீள ஸ்குரூ டிரைவரின் நுனியை ஓடுகிற இன்ஜின்மேல் ஊன்றி, பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். இரண்டே நிமிடம். எந்தச் சாமான் எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். குறை ஒன்றும் இல்லையென்றால் பேச்சே கிடையாது. இன்ஜினை இரண்டு தட்டு தட்டிவிட்டு இறங்கிப் போய்விடுவார். அந்த இரண்டு தட்டு விழுந்த பிறகுதான் படகுக்காரர் டீசலுக்கு ஆள் அனுப்புவார். எங்கும் எழுதிவைத்த சட்டமில்லை இது. ஆனால் மீன்பிடித் தடைக்காலம் முடிகிற ஜூன் மாதத்தில் முதுநகரில் இதை மீறியவர்கள் குறைவு.

அப்படிப்பட்ட காதைத்தான் மனிதர் பைக் சாவியால் குடைந்துகொண்டிருந்தார்.

பன்னிரண்டாம் நம்பர் நட்டுக்குப் பதின்மூன்றாம் நம்பர் ஸ்பானரை யாராவது போட்டால் துள்ளிக் குதிக்கிற ஆள், தன் காது என்று வந்தால் கையில் கிடைத்ததையெல்லாம் விட்டு ஆட்டுவார். சாவி, ஊக்கு, ரீஃபில், ஒருமுறை கோழி இறகு. அவர் மனைவி பாத்திமா மேரி கத்திக் கத்தி ஓய்ந்துபோனார். இந்த ஜூன் முதல் வாரத்தில் ஒரு படகின் அடியில் அதைத் தள்ளுகிற காற்றாடியைப் பார்க்கத் துறைமுகத்துக் கலங்கல் தண்ணீரில் முங்கி எழுந்தார். அன்று மாலையே காது அரித்தது. சாவி போனது. மறுநாள் வலித்தது. பூண்டு போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய் போனது. அதற்கு மறுநாள் இட்லியை மெல்லவே முடியவில்லை. காது மடலைத் தொட்டால் உயிர் போனது, உள்ளே வீங்கிக் காது அடைத்துக்கொண்டது.

கடலூரில் காது டாக்டருக்குப் பஞ்சமா என்ன? ஆனால் ஞானராஜ் போகமாட்டேன் என்றார். எந்த ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்தாலும் முதுநகர் ஆள் ஒருவன் பார்த்துவிடுவான், சாயங்காலத்துக்குள் "ஞானராஜுக்குக் காது போயிடுச்சாம்" என்று துறைமுகம் முழுக்கப் பரவிவிடும் என்பது அவர் கவலை. தடைக்காலம் முடிய ஏழெட்டு நாள்தான் இருந்தது. அதனால் ஜூன் ஏழாம் தேதி காலை, தலையைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, மனைவியோடு சிதம்பரம் பஸ் ஏறினார். அந்த வெயிலில் முக்காடு போட்டிருந்தவரைப் பார்த்து, குளிர்காய்ச்சலா என்று கண்டக்டர் அக்கறையாக விசாரித்தார்.

சிதம்பரத்தில் கீழ வீதிக்குப் பக்கத்துச் சந்தில் டாக்டர் நௌஷீனின் கிளினிக். முப்பது வயதுகூட இருக்காது. காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, பொறுமையாகச் சுத்தம் செய்து, சவ்வு நன்றாக இருக்கிறது, வெளிக்காதுக் குழாயில்தான் கிருமி சேர்ந்து வீங்கியிருக்கிறது என்றார். எதை வைத்துக் குடைந்தீர்கள் என்றும் கேட்டார். ஞானராஜ் கூரையைப் பார்த்தார். பாத்திமா மேரி பட்டியலை முழுதாக ஒப்பித்தார்.

சொட்டு மருந்து எழுதிக் கொடுத்த டாக்டர், அதில் ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கிறது என்று சொன்னதும் ஞானராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஸ்டீராய்டுன்னா ஜிம்முல பசங்க ஊசி போட்டுக்கிறதா டாக்டரம்மா?"

"அது வேற அண்ணா. இது ஒங்க காத கட்டுமஸ்தா ஆக்காது. ஒண்ணு கிருமிய அடிக்கும், இன்னொண்ணு வீக்கத்தையும் அரிப்பையும் எறக்கும். ரெண்டுக்கும் சேத்துத்தான் ஒரே பாட்டிலு."

காலை நான்கு சொட்டு, மாலை நான்கு சொட்டு, ஏழு நாள். பாட்டிலைக் கையில் வைத்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும், சில்லென்று விட்டால் தலை சுற்றும். விட்ட பிறகு ஐந்து நிமிடம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். வலி நின்றுவிட்டது என்று நடுவில் நிறுத்தக் கூடாது. தண்ணீர் படக் கூடாது. சாவி, இறகு, கம்பி எதுவும் ஒரு வாரத்துக்குக் காதுப் பக்கமே வரக் கூடாது. எல்லாவற்றுக்கும் ஞானராஜ் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

மறுநாளே அந்தத் தலையாட்டல் காற்றில் பறந்தது. காலையில் சவரியம்மாள் கூப்பிட்டு விட்டிருந்தார். கணவர் போன மூன்று வருடமாக ஒற்றைப் படகை வைத்துக் குடும்பத்தை ஓட்டுகிற பெண்மணி. படகின் டிரைவர் மருமகன் ஜெனித், கூட ஐந்து பேர் கடலுக்குப் போவார்கள். படகில் நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஞானராஜ் ஸ்குரூ டிரைவரை ஊன்றிப் பிடியைக் காதில் அழுத்தினார். உச்சந்தலை வரை வலி ஏறியது. கையை லேசாக விலக்கிக்கொண்டார். அடைத்த காதில் பொதுவாக ஒரு இரைச்சல்தான் கேட்டது. இடது காதுக்கு மாற்றலாம்தான். ஆனால் முப்பது வருடமாக வலதில் கேட்டவர் மாற்றினால் நாலு பேரும் ஏன் என்று கேட்பார்கள். கண்ணை மூடியபடி இரண்டு நிமிடம் நின்றார். பிறகு, சொல்லவே கூசுகிறது, இரண்டு தட்டு தட்டினார்.

அடுத்த மூன்று நாளில் இன்னும் மூன்று படகுகளில் அதே கூத்து நடந்தது.

இதற்கு நடுவில் மருந்துக்கும் ஒரு கதி வந்தது. வீட்டில் பாத்திமா மேரி உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கி, சொட்டு எண்ணி விட்டு, எழுந்திருக்கவிடாமல் தோளைப் பிடித்துக்கொள்வார். ஒன்பதாம் தேதி மாலை வேலை முடியாததால் பாட்டிலைப் படகுக்கே கொண்டுபோயிருந்தார் ஞானராஜ். கையில் எவ்வளவு நேரம் உருட்டுவது என்று அலுத்துப்போய், அப்போதுதான் நிறுத்திய இன்ஜின் தலையில் அதை வைத்துவிட்டு பீடி பற்றவைத்தார். பீடி முடிவதற்குள் பாட்டில் இடுப்பொடிந்து சுருண்டுவிட்டது. டாக்டருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னபோது அந்தப் பக்கம் அடக்கமாட்டாமல் சிரிப்பு. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அதே மருந்தைப் புதிதாக வாங்கச் சொன்னார். பாத்திமா மேரி வாங்கிவந்தார். அதற்குப் பிறகு பாட்டில் அவர் இடுப்புச் சுருக்குப்பையை விட்டு வெளியே போகவில்லை.

மூன்றாம் நாள் வலி குறைந்தது. ஐந்தாம் நாள் ஞானராஜ் தாராளமாக மென்று சாப்பிட்டார். பதின்மூன்றாம் தேதி காலைச் சொட்டை விட்டு, ஐந்து நிமிடம் கிடந்து எழுந்தவர் சட்டென்று தலையைத் தூக்கிப் பார்த்தார். மின்விசிறி பேரிங்குக்கு கிரீஸ் வைக்க வேண்டும் என்றார். பாத்திமா மேரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிலுவை போட்டுக்கொண்டார்.

அந்தச் சந்தோஷம் ஞானராஜுக்கு ஒரு மணி நேரம்கூட நிலைக்கவில்லை. துறைமுகத்துக்குள் நுழைந்தவர் நேரே சவரியம்மாள் படகில்தான் ஏறினார். ஜெனித் இன்ஜினைச் சூடாக்கிக்கொண்டிருந்தான். ஸ்குரூ டிரைவரை ஊன்றி, பிடியைக் காது ஓட்டையில் படாமல் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் வைத்துக் கேட்டார். வாட்டர் பம்ப் பக்கம் மெல்லிசாக ஒரு முனகல். பேரிங் போகிற சத்தம். கரையில் ஓடும்வரை ஓடும். நாற்பது கிலோமீட்டர் உள்ளே போனபின் பம்ப் இறுகினால் இன்ஜின் கொதித்து நிற்கும். ஆறு பேர்.

சத்தம் போடாமல் சரிசெய்துவிட ஒரு வழி இருந்தது. ஆயில் மாற்றுகிறேன் என்று சொல்லிப் பம்பைக் கழற்றிப் பேரிங்கைப் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது, முப்பது வருடப் பெயரும் தப்பும். கரையில் வலைக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்த சவரியம்மாளிடம் அதைச் சொல்லத்தான் போனார். "ஆயிலு" என்று வாயெடுத்தவர் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"அக்கா, அன்னிக்கி நான் ஒண்ணும் கேக்கல. காது அடைச்சிக் கெடந்துச்சி. வெக்கத்துல தட்டிட்டேன். பம்ப்புல பேரிங் போயிருக்குது."

பக்கத்தில் இருந்தவர்கள் வேலையை நிறுத்தினார்கள். சவரியம்மாள் கயிற்றைக் கீழே வைத்தார். ஞானராஜ் நிற்கமாட்டாமல் மற்ற மூன்று படகுக்காரர்களின் பெயரையும் அங்கேயே உரக்கச் சொல்லி, அவர்கள் இன்ஜினையும் மறுபடி கேட்க வேண்டும், அதுவரை டீசல் ஊற்ற வேண்டாம் என்றார். மச்சான் முறைக்காரர் ஒருவர், இனிமேல் ஞானராஜுக்கும் வருடா வருடம் தடைக்காலம் விட வேண்டியதுதான் என்று சொல்ல, கரையே சிரித்தது. ஞானராஜ் தலையைக் குனிந்துகொண்டு பேரிங் வாங்க ஓடினார்.

அன்று பகல் பம்ப் கழன்றது, மறுநாள் மதியத்துக்குள் புதுப் பேரிங்கோடு ஏறியது. மற்ற மூன்று இன்ஜின்களையும் கேட்டார். நல்லவேளை, மூன்றும் சுத்தம். நடுவில் இரண்டு வேளையும் பாத்திமா மேரி துறைமுகத்துக்கே வந்து, வலைக் குவியல்மேல் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஊர் பார்க்கச் சொட்டு விட்டார். இனி மறைக்க என்ன இருக்கிறது என்று ஞானராஜும் சமர்த்தாகக் கிடந்தார்.

பதினான்காம் தேதி மாலை. படகுகளில் ஐஸ் ஏறிக்கொண்டிருந்தது. சவரியம்மாளின் இன்ஜினைக் கடைசியாக ஒருமுறை கேட்டுவிட்டு இறங்கிய ஞானராஜ், அடுத்த வருடத்துக்கு வேறு நல்ல மெக்கானிக்காகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, தன்மீது வருத்தம் வேண்டாம் என்று முணுமுணுத்தார்.

சவரியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வேற எவனப் பாக்கறது? எல்லாரும் நல்லா கேக்குது நல்லா கேக்குதுன்னுதான் சொல்றானுங்க. கேக்கலன்னு வந்து சொன்ன ஆளு நீ ஒருத்தன்தான்யா. என் மருமவன ஒன்ன நம்பித்தான் அனுப்பறேன்."

ஞானராஜுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அங்கே கிடந்த ஐஸ் பெட்டிகளில் ஒன்றைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு படகில் ஏறினார்.