கொச்சிக்குப் போகாத காந்தம்

காலை ஏழரைக்குக் கோவையிலிருந்து கிளம்பினோம். கொச்சி நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர். பின்சீட்டில் என் பக்கத்தில் ஒரு தெர்மோகோல் பெட்டி. அதற்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு நாடாச் சுருள். துகள்முடுக்கிகளுக்கான மீக்கடத்திக் காந்தத்தின் மாதிரி அது. எங்கள் பட்டறையில் மல்லிகா மூன்று மாதம் உட்கார்ந்து சுற்றியது. கொச்சிப் பரிசோதனையில் தேறினால் மீதிச் சுருள்களைச் சுற்றும் வேலையும் அவளுக்குத்தான். தேறாவிட்டால் சுற்றும் பிரிவையே மூடிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

வாளையாரில் லாரி கவிழ்ந்து கிடந்ததால், ஓட்டுநர் பழனிசாமி தன் ஊரான எருத்தேன்பதி வழியாக வண்டியை விட்டார். "குறுக்கால போயிரலாமுங்க." வழியில் ஒரு கேரளச் சோதனைச் சாவடி. எந்தச் சாவடி என்று எழுத மாட்டேன். பழனிசாமி நாளைக்கும் அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

அதிகாரி பெட்டியைத் திறந்தார். "இது எந்தா?"

"காந்தம் சார்."

தன் சாவியை ஒட்டிப் பார்த்தார். ஒட்டவில்லை. "இது காந்தமா? பொய் பறயண்ட!" பொய் சொல்லாதே என்கிறார்.

நன்றாகக் குளிரவைத்து மின்சாரம் விட்டால்தான் காந்தமாகும் என்றேன். தொட வேண்டாம் என்று கும்பிட்டேன். உள்ளே என்ன ஒளித்திருக்கிறேன் என்று பார்க்கிறாராம்! வெளிச்சுற்றைப் பிய்த்து, வெற்றிலையை மடிப்பதுபோல் நாடாவை மடித்தார். பிறகு நீவிவிட்டு, "ஒண்ணும் ஆகலை, போய்க்கோ" என்றார்.

ஒன்றும் ஆகவில்லையாம்! வெளியே செம்பு; உள்ளே தலைமுடியைவிட மெல்லிய பீங்கான் படலம். மின்சாரம் தடையில்லாமல் ஓடுவது அதில்தான். மடித்தால் நொறுங்கிவிடும், வெளியே தெரியாது.

நொறுங்கிவிட்டதா என்று அளந்து பார்க்க, பழனிசாமி என்னை எருத்தேன்பதியில் தன் மச்சான் வீட்டுக்குக் கூட்டிப்போனார். மச்சான் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர். அந்த ஊசி மருந்தைக் குளிரில் வைக்கத் திரவ நைட்ரஜன் வைத்திருந்தார். என் சுருளுக்கும் அதே குளிர்தான் வேண்டும். "ஊத்திக்குங்க, மாட்டுக்கு நாளைக்கு வாங்கிக்கலாமுங்க" என்றார். பெட்டியில் ஊற்றி, கார் பாட்டரியை ஒரு பல்பு வழியாக இணைத்தேன். சுருளின் இரு முனையிலும் வோல்ட் மீட்டரை வைத்தேன்; தடையில்லாவிட்டால் பூஜ்யத்தில் நிற்க வேண்டியது, நிற்கவில்லை. மடித்த சுற்றை விட்டுவிட்டு அளந்தால் பூஜ்யம். ஒரு சுற்று போனால் முழுச்சுருளும் போனதுதான்.

அப்போது பார்த்து மல்லிகாவின் போன். "கொச்சி போய்ச் சேந்துட்டீங்களாக்கா?"

நடந்ததைச் சொன்னேன்.

"ஆருங்கக்கா மடிச்சது? பேரென்னங்க?"

"கேக்கலையே, மல்லிகா."

"கேட்டுட்டு வாங்கக்கா. மூணு மாசமுங்க. ஆருன்னாவது எனக்குத் தெரியோணுமில்லீங்களா?"

வண்டியைத் திருப்பச் சொன்னேன். அதே நாற்காலியில் அதே ஆள், டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"உங்க பேரென்ன சார்?"

"எந்தினா?" எதற்கு என்று கேட்கிறார்.

"இதைச் சுத்தின பொண்ணு கேக்கறா."

அவர் கை தானாகச் சட்டையிலிருந்த பெயர்ப்பட்டையை மூடிக்கொண்டது. எதிரே கிடந்த பெஞ்சில் பெட்டியை வைத்துவிட்டு நானும் உட்கார்ந்தேன்.

"பழனிசாமி, நீங்க ஊட்டுக்குப் போங்க. அந்தக் கை எறங்கற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."